பிக்கப்புக்குச் சத்தம் குறைந்த ஆல்-டெரைன் டயர்: கேள்வி பதில்

கேள்வி: வண்டியோடு வந்த ஹைவே டயர் மொட்டையாகிவிட்டது. ஆல்-டெரைன் (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்குமான டயர்) போட ஆசை, ஆனால் இரைச்சல் ஆகாது. கடையில் பட்டனை (டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளை) பார்த்தே சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். முதலில் டயரின் நடுப்பகுதியைப் பாருங்கள். அங்கே சுற்றிலும் அறுபடாமல் ஓடும் பட்டை இருந்தால், தரையோடு தொடர்பு விடாமல் இருக்கும், சத்தம் குறையும். நடுவிலும் தனித்தனிப் பட்டன்கள் என்றால் ஒவ்வொன்றும் சாலையை வந்து அறைகிறது. இடையில் உள்ள பள்ளத்துக் காற்று அமுங்கி வெளியே பீய்ச்சுவதும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்து, பட்டனின் முன்விளிம்பு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அச்சுக்கு இணையாக நேர்க்கோட்டில் வெட்டியிருந்தால் முழு விளிம்பும் ஒரே நொடியில் தரையில் இறங்கும். சாய்வாக வெட்டியிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இடது, வலது ஓரப் பட்டன்கள் நேருக்கு நேர் இல்லாமல் தள்ளித் தள்ளி இருப்பதும் நல்லது.

கடைசியாக, டயரை மெல்ல உருட்டி ஓரப் பட்டன்களின் நீளத்தை ஒப்பிடுங்கள். சில குட்டை, சில நீளம் என்று மாறி மாறி வர வேண்டும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் சத்தம் ஒரே சுருதியில் குவிந்து, 'ஊஊ' என்ற ஊளையாகக் காதில் ஏறும். அளவு மாறினால் அதே சத்தம் பல சுருதிகளில் சிதறிப்போகிறது.

'ரக்கட் டெரைன்' என்று விற்கும் டயர்களைச் சத்தத்துக்குப் பயப்படுபவர்கள் தொடவே வேண்டாம். அவை ஆல்-டெரைனுக்கும் சேற்றுக்கான மட் டெரைனுக்கும் நடுவில் நிற்பவை.

கேள்வி: ஐரோப்பிய லேபிளில் 72 டெசிபல், 74 டெசிபல் என்று போட்டிருக்கிறதே, அதை நம்பித் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: அது சாலையோரம் நிற்பவருக்குக் கேட்கும் சத்தம். இன்ஜினை அணைத்து, வண்டியைச் சுமார் 80 கி.மீ. வேகத்தில் உருளவிட்டு, 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கிறார்கள். கேபினுக்குள் வரும் முனகலையோ, தேய்ந்த பிறகு எப்படி மாறும் என்பதையோ அது சொல்லாது. ஒரே அளவுள்ள இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பு என்பதை மனதில் வையுங்கள்.

கேள்வி: எல்டி (லைட் டிரக்) வகை, அதிலும் கனச் சுமை தாங்கும் இ லோட் ரேஞ்ச்தான் உறுதியானது என்கிறார்கள். பின்னால் எப்போதாவது 300 கிலோ ஏற்றுவேன், வருடத்தில் சில முறை மண்பாதை. அது தேவையா?

பதில்: தேவையில்லை. உங்கள் உபயோகத்துக்குச் சாதாரண லோட் ஆல்-டெரைனே போதும். இ ரேஞ்ச் டயரின் பக்கச்சுவர் விறைப்பானது, எடையும் சில கிலோ அதிகம். பட்டனும் பெரும்பாலும் ஆழமாக இருக்கும். குலுக்கல், இரைச்சல், எரிபொருள் மூன்றுமே கூடும்.

எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டயரில் அச்சிட்டிருக்கும் லோட் இண்டெக்ஸ் (சுமைக் குறியீடு) 115 என்றால் ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும். கார் வகை (எல்டி அல்லாத) டயரைப் பிக்கப்பில் போடும்போது அதை 1.1-ஆல் வகுப்பது வழக்கம், அதாவது சுமார் 1,105 கிலோ. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பின் அச்சு எடை வரம்பைப் பாதியாக்கி, இதோடு ஒப்பிடுங்கள். பாதி எடை குறைவாக இருந்தால் கவலை வேண்டாம். கூர்மையான கற்கள் மேல் தினமும் ஓடுபவர்களும் கனமான டிரெய்லர் இழுப்பவர்களும்தான் எல்டி வாங்க வேண்டும்.

எல்டிக்கு மாறினால் பழைய காற்றழுத்தம் பொருந்தாது. அதே எடையைத் தாங்க அதற்குக் கூடுதல் பிஎஸ்ஐ வேண்டும். அந்த டயரின் லோட் அட்டவணையைப் பார்த்துதான் நிரப்ப வேண்டும்.

கேள்வி: டயர் அளவை மாற்றி 265/65ஆர்17-லிருந்து 265/70ஆர்17-க்குப் போனால்?

பதில்: விட்டம் 776 மி.மீ.-யிலிருந்து 803 மி.மீ. ஆகும், 3.4 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டிய 100-க்கு இப்போது உண்மை வேகம் 103-ஐத் தாண்டும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, உள் ஃபெண்டரில் உரசுகிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னியும் இதே அளவில் வேண்டும். சத்தம் குறைப்பதுதான் நோக்கம் என்றால் பழைய அளவிலேயே இருங்கள்.

கேள்வி: புதிதாகப் போட்டபோது அமைதி. 15,000 கி.மீ. தாண்டியதும் ஹெலிகாப்டர் போல இரைகிறது. டயர் மோசமா?

பதில்: டயரைக் குறை சொல்வதற்கு முன், பட்டன்கள் மேல் சுற்றளவு வழியே உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பம் போலக் கையைப் பிடித்தால் அது ஏற்றத்தாழ்வுத் தேய்மானம். பட்டன் தரையை விட்டு எழும்போது பின்விளிம்பு சறுக்கித் தேய்கிறது. காற்று குறைவு, டோ கோணப் பிழை (சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது), டயரை இடம் மாற்றாதது ஆகியவை அதை வேகப்படுத்தும். ஆல்-டெரைனின் உயரமான பட்டன் அதிகம் வளைவதால் இது அதற்கு எளிதில் வரும்.

தேய்மானம் கொஞ்சம் என்றால் அலைன்மென்ட் பார்த்துவிட்டு இடம் மாற்றுங்கள். பின் டயர்கள் நேராக முன்னே, முன் டயர்கள் குறுக்காகப் பின்னே. குறுக்காகப் போகும் டயர் எதிர்த்திசையில் சுழல்வதால் விளிம்பு மெல்லச் சமமாகும். முதல் சில நூறு கி.மீ. சத்தம் கூடத் தோன்றலாம், பயப்பட வேண்டாம். இனி 8,000 கி.மீ.க்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்களைப் பக்கம் மாற்றக் கூடாது.

அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சையும் பாருங்கள்.

கேள்வி: அது சக்கரத்தின் பேரிங் சத்தமாகவும் இருக்கலாமே?

பதில்: இருக்கலாம். கரடுமுரடான தாரிலிருந்து வழவழப்பான சாலைக்கு வந்ததும் சுருதி மாறினால் டயர். சாலை எதுவானாலும் ஒரே மாதிரி இரைந்து, வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடினாலோ குறைந்தாலோ பேரிங்.

கேள்வி: காற்றை 4, 5 பிஎஸ்ஐ குறைத்தால் சத்தம் அடங்குமா?

பதில்: செய்யாதீர்கள். ஓரம் தேயும், டயர் சூடேறும், மேலே சொன்ன ரம்பத் தேய்மானம் சீக்கிரம் வரும்.

கேள்வி: 4x4 வண்டி. இப்போதைக்குப் பின்னால் மட்டும் இரண்டு புதிது போடலாமா?

பதில்: நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால், 4x4 போடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டி) முறுக்கேறிச் சேதமாகும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் இன்னும் ஆபத்து. வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில் உள்ள டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரத் தயாரிப்பு. ரப்பர் வயதாக ஆக இறுகும், இறுகினால் இரையும். ஆகவே நான்கும் அடுத்தடுத்த வாரங்களில் வந்தவையாகக் கேட்டு வாங்குங்கள். பூட்டிய பிறகு 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.