நுகர்வோர் கேள்வி-பதில்: லடாக், ஸ்பிதி, லாசா பயணத்துக்குப் பணம் கட்டும் முன்

கோடைப் பயணங்களுக்கு முன்பணம் கட்டும் காலம் இது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி லடாக், ஸ்பிதி, லாசா என்று திபெத்தியப் பண்பாடு வாழும் உயரமான ஊர்களுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் எழுதியவை. அவற்றைச் சுருக்கி வெளியிட்டிருக்கிறேன்.

கே: ஆறு இரவு, ஏழு பகல் லடாக் பேக்கேஜ் ஆளுக்கு 34,000 ரூபாய் சொல்கிறார்கள். முதல் நாள் விமானத்தில் லே, இரண்டாம் நாள் கர்துங் லா வழியாக நுப்ரா, மூன்றாம் நாள் பாங்காங் ஏரி, பிறகு லே திரும்பி மீதி நாள்கள் மடாலயங்களும் கடைவீதியும். 63 வயது அம்மாவும் வருகிறார். விலை நியாயமானதா? (வாசகி, கோயம்புத்தூர்)

ப: விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், அவர்கள் அனுப்பிய பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கப்போகிறீர்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஹோட்டலின் நட்சத்திரத்தையும் காலை உணவில் என்ன கிடைக்கும் என்பதையும் அச்சிட்டுத் தருகிற நிறுவனங்கள் இதை மட்டும் அச்சிடுவதில்லை. பல ஆண்டுகளாக இந்தப் பகுதியில் நான் திரும்பத் திரும்ப எழுதிவரும் குறை இது, இனியும் எழுதுவேன்.

லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 3,000 மீட்டரைக் கடந்த பிறகு, படுக்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓர் இரவு தங்க வேண்டும் என்பதும் மலை மருத்துவம் சொல்லும் பொதுவிதி. சமவெளியிலிருந்து விமானத்தில் லே போய் இறங்குகிறவர் முதல் நாளிலேயே அந்த விதியை மீறிவிடுகிறார் என்பதால், குறைந்தது இரண்டு முழு நாள்கள் அங்கே ஓய்வெடுத்துத்தான் அதை ஈடுகட்ட முடியும். உங்களுக்கு வந்த பட்டியலோ இரண்டாம் நாளே 5,359 மீட்டர் உயரமுள்ள கணவாயைத் தாண்ட வைத்து, மூன்றாம் இரவு ஏறக்குறைய 4,250 மீட்டரில் படுக்க வைக்கிறது.

2017 செப்டம்பர் இறுதியில் என் அக்காவை இதே வரிசையில்தான் அழைத்துச் சென்றேன். இரண்டு இரவு குறைவு, விலையும் குறைவு என்பதைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. பாங்காங் கரையில் கூடாரத்தில் தங்கியிருந்தோம். நள்ளிரவுக்கு மேல் அக்கா இருமத் தொடங்கினார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டார். கைவிளக்கை அருகில் பிடித்துப் பார்த்தேன்; நகங்கள் நாவற்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் இருந்தன. தலைமாட்டில் இருந்த பாட்டிலில் தண்ணீரின் மேற்பரப்பு பனிக்கட்டியாகியிருந்தது. விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று சொல்லி எங்கள் ஓட்டுநர் அந்த இருட்டிலேயே வண்டியை எடுத்தார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பாங்காங்கிலிருந்து லே திரும்பும் வழியில் 5,300 மீட்டரைத் தாண்டும் சாங் லா கணவாய் குறுக்கே நிற்கிறது. உடனே கீழே இறக்க வேண்டிய நோயாளியை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றித்தான் இறக்க முடிந்தது. லே அரசு மருத்துவமனையில் இரண்டு நாள் ஆக்சிஜன் கொடுத்த பிறகே அக்கா நடமாடினார். பணம் வாங்கிய நிறுவனத்திடம் கேட்டபோது, உடல்நிலைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற படிவத்தில் நான் கையெழுத்திட்டிருப்பதை எடுத்துக் காட்டினார்கள்.

ஆகவே இந்தப் பட்டியலுக்கு 34,000 ரூபாய் மட்டுமல்ல, 10,000 ரூபாயும் அதிகம். லேயில் மூன்று இரவு, அதில் மூன்றாம் நாள் தாழ்வான சிந்து நதிக்கரையில் இருக்கும் அல்ச்சிக்குப் போய்வருவது; பிறகு நுப்ராவில் இரண்டு இரவு, கடைசியில் மீண்டும் லே என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். நுப்ராவின் திஸ்கித் ஏறக்குறைய 3,100 மீட்டர்தான் என்பதால், கணவாய் உயரமாக இருந்தாலும் இரவு லேயைவிடத் தாழ்வாகவே கழியும். பாங்காங்கும் வேண்டுமென்றால் எட்டு இரவாக நீட்டி, அதைக் கடைசியில் ஓர் இரவு மட்டும் வையுங்கள். நாள்கள் இருந்தால் ஸ்ரீநகரில் இறங்கி கார்கில், லாமாயுரு வழியாகத் தரைவழியில் லே போவது உடலுக்கு இன்னும் நல்லது. அம்மாவைப் புறப்படும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்; மலைநோய்த் தடுப்புக்கான அசிட்டசோலமைடு மாத்திரையை, சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்று பார்த்து, அவர் எழுதித் தந்தால் மட்டும் எடுக்க வேண்டும்.

கே: மணாலியில் ஒரு டாக்சி பேசியிருக்கிறோம். அதே வண்டியில் லே போய், நுப்ரா, பாங்காங் எல்லாம் சுற்றலாம், பெர்மிட்டைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக ஓட்டுநர் சொல்கிறார். (வாசகர், சேலம்)

ப: முடியாது. வெளியூர் டாக்சி உங்களை லேயில் இறக்கிவிடலாம். உள்ளூரில் சுற்றிக்காட்ட லடாக் டாக்சிதான் வர வேண்டும். அதற்குச் சங்கம் நிர்ணயித்த கட்டணப் பட்டியல் இருக்கிறது. வெளியிலிருந்து வாடகைக்கு எடுத்துவரும் பைக்குக்கும் இதே கதிதான்.

கே: என் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யுமா?

ப: செய்யாது. போஸ்ட்பெய்டு எண்ணோடு போங்கள்.

கே: குடும்பத்தில் நான்கு பேர். பாதுகாப்புக்காக ஆறு ஆக்சிஜன் கேன் வாங்கிக்கொள்ளுமாறு பேக்கேஜ்காரர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா? (வாசகி, சென்னை)

ப: வேண்டாம். கேனின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லிட்டர் என்று எழுதியிருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் கொடுத்தால் அது ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆறு கேனும் சேர்ந்து அரை மணி நேரம். பாங்காங்கில் அன்று என் கையில் இரண்டு கேன் இருந்தது. சாங் லாவின் அடிவாரத்துக்குப் போகும் முன்பே இரண்டும் காலி. ஏறக்குறைய 1,500 லிட்டர் பிடிக்கும் பி வகை மருத்துவ சிலிண்டர் இதே வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். அத்தகைய சிலிண்டர் வண்டியில் இருக்குமா, அதை இயக்க ஓட்டுநருக்குத் தெரியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விமான நிறுவனத்தின் முன் அனுமதி இல்லாமல் இந்தக் கேன்களை விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதையும் விற்கிறவர் சொல்லியிருக்க மாட்டார்.

கே: முழுப் பணமும் கட்டிவிட்டேன். எந்த ஊரில் எந்த ஹோட்டல் என்பதைப் புறப்படுவதற்கு முதல் நாள் சொல்வார்களாம். சரிதானே? (வாசகர், ஈரோடு)

ப: சரியில்லை. கட்டுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கே மின்னஞ்சலில் கேளுங்கள்.

கே: சிங்கப்பூரில் வசிக்கிறேன், சிங்கப்பூர் கடவுச்சீட்டு. மார்ச் மாதத்தில் லாசா போய், அங்கிருந்து எவரெஸ்ட் அடிவார முகாம் வரை தனியாகச் சுற்ற விருப்பம். சீனாவுக்கு விசா தேவையில்லை என்பதால் பெர்மிட்டும் தேவைப்படாது என்று ஒரு முகவர் சொல்கிறார்.

ப: அந்த முகவரிடம் பணம் கொடுக்காதீர்கள். 2024 பிப்ரவரி 9 முதல் சிங்கப்பூர்க் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் சீனாவுக்குப் போகலாம் என்பது உண்மை. ஆனால் திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் நுழையும் வெளிநாட்டவருக்குத் தனியாகத் திபெத் பயண அனுமதி கட்டாயம் தேவை. அதை உரிமம் பெற்ற பயண நிறுவனம் மூலம்தான் பெற முடியும், வழிகாட்டியும் வண்டியும் முன்கூட்டியே அமர்த்தியிருக்க வேண்டும், தனியாகச் சுற்ற இயலாது. ஷிகாட்சே, எவரெஸ்ட் பக்கம் போக அதற்கு மேலும் அனுமதிகள் உண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரி இறுதியிலிருந்து மார்ச் முடியும்வரை வெளிநாட்டவருக்கு அப்பகுதியைப் பெரும்பாலும் மூடிவிடுகிறார்கள் என்பதால், உங்கள் மாதமும் தவறு.

மே அல்லது செப்டம்பருக்குத் தள்ளிவைத்து, ஆம்டோ வழியாகப் போங்கள். திபெத்தியர் வாழும் பகுதி லாசாவோடு முடிந்துவிடுவதில்லை. சிங்ஹாய், கான்சு மாகாணங்களில் பரந்து கிடக்கும் ஆம்டோவின் இந்த ஊர்களுக்குத் திபெத் அனுமதி தேவையில்லை. 2,275 மீட்டரில் உள்ள ஷினிங்கில் தொடங்கி, துணியில் வரையும் திபெத்திய பௌத்த ஓவியமான தங்காவுக்குப் பெயர்போன ரெப்கோங், 1709இல் நிறுவிய லப்ராங் மடாலயம் இருக்கும் ஷியாஹே (ஏறக்குறைய 2,900 மீட்டர்), அடுத்து 3,300 மீட்டர் அளவில் உள்ள லாங்முசி என்று ஒரு வாரம் படிப்படியாக ஏறுங்கள். பிறகு ஷினிங் திரும்பி, 1,956 கிலோமீட்டர் ஓடும் லாசா ரயிலில் ஏறினால், 3,650 மீட்டர் உயரமுள்ள லாசா உங்கள் உடலுக்குப் புதிதாக இருக்காது. ரயில் 5,072 மீட்டர் உயரமுள்ள தங்குலா கணவாயைத் தாண்டும்போது பெட்டியில் ஆக்சிஜன் தருகிறார்கள். ரயிலில் போனாலே போதும், உடல் உயரத்துக்குப் பழகிவிடும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், ஏறக்குறைய ஒரு நாள் பயணத்தில் உடல் பழகாது.

ரெப்கோங்கில் தங்கா வாங்க நினைத்தால் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுபோங்கள். கையால் வரைந்ததில் தூரிகைக் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும். அச்சடித்ததில் சின்னஞ்சிறு புள்ளிகள் தெரியும்.

கே: ஸ்பிதிக்கு மணாலி வழியா, சிம்லா வழியா? (வாசகர், மதுரை)

ப: சிம்லா வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள். கல்பா, நாகோ, பிறகு 996இல் நிறுவிய மடாலயம் இருக்கும் தாபோ, அடுத்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா என்று படிப்படியாக ஏறும்படி இரவுகளை வையுங்கள். மணாலியிலிருந்து ஒரே நாளில் காசாவுக்கு ஏற்றிவிடும் பேக்கேஜ் மலிவாக இருக்கும், அதை வாங்காதீர்கள். காசாவுக்கும் மணாலிக்கும் இடையிலுள்ள குன்சும் கணவாய் குளிர்காலத்தில் மூடிவிடும் என்பதால் இந்தச் சுற்று கோடைக்கு மட்டுமே பொருந்தும்.

கே: லே கடைவீதியில் 1,500 ரூபாய்க்கு அசல் பஷ்மினா சால்வை வாங்கினேன். மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டினார்கள். ஊருக்கு வந்த பிறகு சந்தேகமாக இருக்கிறது. (வாசகி, தஞ்சாவூர்)

ப: அது பஷ்மினா இல்லை, அம்மா. சாங்தாங் மேட்டுநிலத்தின் ஆடுகள் குளிருக்காக வளர்க்கும் உள்முடியைச் சீப்பால் வாரி எடுத்து, 12 முதல் 15 மைக்ரான் பருமனுள்ள அந்த இழையை நூற்று நெய்வது பஷ்மினா. கையால் நூற்று நெய்த முழுச் சால்வை அந்த விலைக்கு வரவே வராது. விஸ்கோஸ் துணியும் மோதிரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும். நானும் ஒருமுறை 4,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து ஓரத்துக் குஞ்சத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினேன். முடி கருகும் வாடை வந்திருக்க வேண்டும், வரவில்லை. நூல் சுருண்டு உருகி, நுனியில் கடுகளவு கறுப்பு மணியாகக் கெட்டியாகிவிட்டது. நீங்களும் அதைச் செய்து பாருங்கள். உருகினால் செயற்கை இழை, காகிதம்போல் எரிந்து சாம்பலானால் விஸ்கோஸ். முடி வாடை வந்தாலும் அது கம்பளி என்றுதான் பொருள். பஷ்மினா என்று உறுதி சொல்ல ஆய்வகத்தால்தான் முடியும். ரசீதில் பஷ்மினா என்று எழுதித் தந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். ரசீது இல்லையென்றால் என்னால் வழி சொல்ல முடியவில்லை, வருந்துகிறேன்.

கே: பயணக் காப்பீடு எடுத்திருக்கிறேன். மலைநோயும் அதில் அடங்கும்தானே? பாலிசியை இன்னும் படிக்கவில்லை. (வாசகர், திருச்சி)

ப: படித்துவிட்டு எழுதுங்கள். விலக்குகள் என்ற பகுதியில், எத்தனை மீட்டருக்கு மேல் பொருந்தாது என்று போட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

கே: வானிலை மோசம் என்று லே விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள். விமானப் பணம் பேக்கேஜ் நிறுவனத்துக்குத் திரும்பிவிட்டது. ஆனால் திருப்பித் தர விதியில்லை என்று சொல்லி 1,12,000 ரூபாயையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அலுவலகம் டெல்லியில். வழக்குப் போட டெல்லிக்கா போக முடியும்? (வாசகர், திருநெல்வேலி)

ப: போக வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். விமான நிறுவனமே ரத்து செய்யும்போது, மாற்று விமானத்தில் போவதா பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று தேர்வு செய்யும் உரிமை பயணிக்கு உண்டு. அப்படித் திரும்பிய பணம் உங்களுடையது, அதை அவர்கள் வைத்துக்கொள்ள நியாயமே இல்லை. ஹோட்டலுக்கும் வண்டிக்கும் உண்மையிலேயே கொடுத்துவிட்டதாகச் சொன்னால் அதற்கான ரசீதுகளைக் கேளுங்கள். பதினைந்து நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915இலும் பதிவு செய்யுங்கள். பலன் இல்லையென்றால் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல்களை இப்போதே பிரதி எடுத்து வையுங்கள்.

கே: அப்பாவின் நெடுநாள் ஆசை என்று கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கு முன்பணமாக 60,000 ரூபாயை ஒருவருடைய யுபிஐ எண்ணுக்கு அனுப்பினேன். அரசாங்க ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார். நேற்றிலிருந்து தொலைபேசி அணைந்திருக்கிறது. (வாசகி, விழுப்புரம்)

ப: உங்கள் அப்பாவின் ஆசையை வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது படிக்கவே வேதனையாக இருக்கிறது. இந்தப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வங்கிக்கும் பரிவர்த்தனை எண்ணோடு எழுத்தில் தெரிவியுங்கள்.

அரசாங்க யாத்திரையை வெளியுறவு அமைச்சகம் மட்டுமே நடத்துகிறது. ஐந்து ஆண்டு நின்றுபோய் 2025இல் மீண்டும் தொடங்கியபோது, லிபுலேக் கணவாய் வழியாக ஐம்பது பேர் கொண்ட ஐந்து குழுக்களும், நாதுலா கணவாய் வழியாக அதே அளவுள்ள பத்துக் குழுக்களும் என்று 750 இடங்களே அறிவிக்கப்பட்டன. விண்ணப்பிப்பது அமைச்சகத்தின் இணையதளத்தில், தேர்வு செய்வது கணினிக் குலுக்கலில். இடையில் யாரும் இடம் வாங்கித் தர முடியாது. வயது வரம்பு 18 முதல் 70 வரை. மருத்துவப் பரிசோதனையும் உண்டு, ஏனென்றால் மலையைச் சுற்றிவரும்போது 5,630 மீட்டர் உயரமுள்ள டோல்மா கணவாயைத் தாண்ட வேண்டும். அப்பாவின் வயதையும் உடல்நிலையையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பத்தை நிரப்ப நான் உதவுகிறேன்.