தன்பாலீர்ப்பாளர் என்பதால் துன்புறுத்தப்பட்டவர் வெளிநாட்டில் தஞ்சம் கோரலாமா?

கோரலாம். ஹட்டனிலோ பதுளையிலோ இதை வாய்விட்டுக் கேட்கவே பயப்படும் பிள்ளைகளுக்காக விளக்கமாக எழுதுகிறேன்.

சொந்த நாட்டில் பாதுகாப்புக் கிடைக்காதவரைத் திருப்பி அனுப்பாமல் இன்னொரு நாடு காப்பதே தஞ்சம். 1951 அகதிகள் உடன்படிக்கை இனம், மதம் போன்றவற்றோடு ‘குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்தவர்’ என்பதையும் காரணமாக ஏற்கிறது. தன்பாலீர்ப்பாளர்களைப் பல நாடுகள் இதில்தான் சேர்க்கின்றன.

இலங்கையில் 1883இல் வந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபால் உறவைக் குற்றமாக்கி இவர்களுக்கு எதிராக நிற்கின்றன. அதனால் அடிபட்டவரே பொலிஸுக்குப் போக அஞ்சுகிறார். ஒரு காம்பிராவில் பேசுவது அடுத்த காம்பிராவுக்குக் கேட்கும் லயத்தில் மறைந்து வாழச் சொல்வது கொடுமை. துன்புறுத்தலுக்குப் பயந்து மறைத்து வாழ்பவரிடம் “அப்படியே இருந்துகொள்” என்று சொல்லித் தஞ்சத்தை மறுக்கக் கூடாதென 2010இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

பட்ட அடி வலுவான சான்று. ஆனால் விசாரணையில் முக்கியமாகப் பார்ப்பது, திரும்பிப் போனால் வரக்கூடிய ஆபத்தை. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் மண் விழும்வரை காத்திருக்கிறோமா? அதுபோலத்தான். கொழும்பு போன்ற வேறு ஊரில் பாதுகாப்பாக வாழ முடியுமா என்றும் கேட்பார்கள்.

கொழும்பிலுள்ள தூதரகத்தில் விண்ணப்பித்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். பொதுவாக அந்த நாட்டையோ அதன் எல்லையையோ அடைந்த பிறகே தஞ்சம் கோர முடியும்.