பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியதும் விண்டோஸ் வரவில்லையா? ஃபார்மட் அடிக்க வேண்டாம்

கேள்வி: ஈரோட்டில் சிறிய டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை கம்ப்யூட்டரில் 1 டிபி ஹார்டு டிஸ்க் முதலிலிருந்தே இருந்தது. போன வருடம் 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிச் சேர்த்து, அதில் விண்டோஸ் 10 ஏற்றினோம். பழைய டிஸ்க்கை டேட்டாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். இப்போது அதில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. அதிலிருந்த ஃபைல்களை எல்லாம் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு, அதைக் கழற்றிப் புது 2 டிபி டிஸ்க் மாட்டினேன். ஆன் செய்தால் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று கருப்புத் திரையில் நிற்கிறது. பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் விண்டோஸ் ஒழுங்காக வருகிறது. விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில்தானே, பிறகு ஏன் இப்படி? சர்வீஸ் கடையில், "எஸ்எஸ்டி போயிருக்கும், இல்லாட்டி ஃபார்மட் அடிச்சுப் புதுசா ஏத்தணும்" என்கிறார்கள். பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப், தமிழ் ஃபாண்ட்டுகள், பிரிண்டர் செட்டிங் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றுவது பெரும் பாடு. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஃபார்மட் தேவையில்லை, புது எஸ்எஸ்டியும் தேவையில்லை. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. பழைய டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் வருகிறது என்கிறீர்கள். அப்படி வரும்போது அது ஓடுவது எஸ்எஸ்டியில் இருந்துதான். எஸ்எஸ்டி கெட்டிருந்தால் எந்த டிஸ்க்கை மாட்டினாலும் அது வந்திருக்காது. ஆக எஸ்எஸ்டி நன்றாக இருக்கிறது, விண்டோஸும் முழுசாக இருக்கிறது. அதைத் துவக்கிவைக்கும் சிறிய பகுதி மட்டும் எஸ்எஸ்டியில் இல்லை. அது நீங்கள் கழற்றிய பழைய டிஸ்க்கில் இருக்கிறது.

இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால் சரிசெய்யும்போது கை நடுங்காது. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற துவக்க மென்பொருள். இன்றைய கம்ப்யூட்டர்களில் அதன் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ இருக்கிறது. அதற்கு விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று நேரடியாகத் தெரியாது. உங்கள் சி டிரைவ் என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கிறது, பெரும்பாலான போர்டுகளுக்கு அதைப் படிக்கவே வராது. அது தேடுவது ஃபேட்32 வடிவில் இருக்கும் ஒரு சின்ன பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் தனியாகப் பிரித்த ஒரு பகுதியை. பெயர் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். பொதுவாக 100 எம்பிதான் இருக்கும், மை கம்ப்யூட்டரில் கண்ணுக்கே தெரியாது. விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற சிறு புரோகிராம் அதற்குள் இருக்கிறது. அது ஓடி, சி டிரைவ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து விண்டோஸைக் கிளப்பும்.

நீங்கள் எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றியபோது பழைய டிஸ்க்கும் உள்ளேயே மாட்டியிருந்தது. அதில் பழைய விண்டோஸின் துவக்கப் பார்ட்டிஷன் ஏற்கெனவே இருந்தது. விண்டோஸ் இன்ஸ்டாலர் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் புதிதாக இன்னொன்றை உருவாக்காமல் அதையே பயன்படுத்திக்கொள்ளும். இது தெரிந்தே வைத்த நடைமுறைதான். ஆனால் இன்ஸ்டால் செய்பவரிடம் அது ஒரு வார்த்தை சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. கடையைப் புது இடத்துக்கு மாற்றிவிட்டு, ஷட்டர் சாவியைப் பழைய கட்டடத்து ஆணியிலேயே விட்டுவந்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு டிஸ்க்கும் உள்ளே இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பகுதியை எஸ்எஸ்டியிலேயே உருவாக்கிவிட்டால் போதும்.

உங்கள் பழைய டிஸ்க் சத்தம் போட்டாலும் இன்னும் ஓடுகிறது. அதனால் வேலை சுலபம்: அதை மாட்டி, விண்டோஸுக்குள் இருந்துகொண்டே சரிசெய்யலாம். ஆனால் அந்த டிஸ்க் எத்தனை முறை ஆன் ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே கீழே உள்ளதை முழுக்க ஒருமுறை படித்துவிட்டு, ஒரே மூச்சில் முடியுங்கள்.

முதலில் எஸ்எஸ்டியில் இருப்பதையும் காப்பி எடுங்கள். டிடிபி வேலை செய்பவர்கள் பாதி ஃபைல்களை டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைப்பது வழக்கம். டெஸ்க்டாப் என்பது சி டிரைவ்தான். பழைய டிஸ்க்கைக் காப்பி எடுத்தபோது அவை சேர்ந்திருக்காது. சி டிரைவ் ஐகானில் பூட்டுப் படம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் என்ற வசதி இயங்குகிறது. அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திய பிறகே தொடருங்கள்.

அப்புறம் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று கட்டம் கட்டமாகத் தெரியும். 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று எழுதிய சின்னக் கட்டம் 1 டிபி டிஸ்க்கின் வரிசையில் இருந்து, எஸ்எஸ்டி வரிசையில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் நான் சொன்னது உறுதி. இஎஃப்ஐ என்ற பெயரே எங்கும் இல்லாமல், பழைய டிஸ்க்கில் 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்று இருந்தால் உங்கள் கம்ப்யூட்டர் யூஇஎஃப்ஐ-க்கு முந்தைய பழைய லெகசி முறையில் துவங்குகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதே ஜன்னலில் சி மேல் ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்கள். அளவு 300 எம்பி என்று போட்டால் போதும். சி-க்குப் பக்கத்தில் கருப்புக் கோட்டுடன் காலி இடம் தோன்றும். துவக்கப் பார்ட்டிஷன் டிஸ்க்கின் தொடக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, நடுவில் இருந்தாலும் வேலை செய்யும்.

இனி கமாண்ட் ப்ராம்ப்ட்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறக்க வேண்டும். கட்டளைகளை ஆங்கிலத்தில் தட்டுங்கள். இங்கே ஒலிப்பைத் தருகிறேன். டிஸ்க்பார்ட் என்று அடித்து என்டர் தட்டியதும், 'லிஸ்ட் டிஸ்க்' கொடுங்கள். டிஸ்க்குகள் அளவோடு வரிசையாக வரும். 480 ஜிபி எஸ்எஸ்டி அங்கே ஏறத்தாழ 447 ஜிபி என்று தெரியும், அது சரிதான். அதன் எண் 1 என்றால் 'செலக்ட் டிஸ்க் 1'. எண்ணை ஊகிக்காதீர்கள், அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த இடத்தில் 'கிளீன்' என்ற கட்டளையை எவர் சொன்னாலும் அடிக்காதீர்கள். தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள் மொத்தத்தையும் அது ஒரு நொடியில் அழித்துவிடும், நிச்சயமா என்று ஒருமுறைகூடக் கேட்காது.

எஸ்எஸ்டி தேர்வானதும், 'கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260'. அடுத்து 'ஃபார்மட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32'. இங்கே ஃபார்மட் என்பது இப்போது உருவாக்கிய 260 எம்பி பகுதியை மட்டும்தான் தொடும், பயப்பட வேண்டாம். அடுத்து 'அசைன் லெட்டர்=இசட்', பிறகு 'எக்ஸிட்'.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலான வரி: 'பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் இசட்: /எஃப் யூஇஎஃப்ஐ' (bcdboot C:\Windows /s Z: /f UEFI). சி-யில் இருக்கும் விண்டோஸிலிருந்து பூட் ஃபைல்களை எடுத்துப் புதிய பகுதியில் வைத்துவிடு என்று இதற்குப் பொருள். பூட் ஃபைல்கள் வெற்றிகரமாக உருவாயின என்று ஒரு வரி வந்தால் வேலை முடிந்தது.

இப்போது ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாகக் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக அது முழுதாக அணையாது. பவர் வயரையும் பிடுங்கிவிட்டுப் பழைய டிஸ்க்கைக் கழற்றுங்கள். புது 2 டிபியையும் இப்போது மாட்ட வேண்டாம். எஸ்எஸ்டியை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். விண்டோஸ் வந்துவிட வேண்டும். வராவிட்டால் பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். போர்டைப் பொறுத்து டெலிட் அல்லது எஃப்2 கீ. எஸ்எஸ்டியின் பெயரே அங்கே காணோம் என்றால், டிஸ்க் மாற்றும்போது அதன் சாட்டா கேபிளோ பவர் கேபிளோ லேசாக இழுபட்டிருக்கும். அழுத்திச் செருகிப் பாருங்கள்.

லெகசி முறை என்றால் தனிப் பார்ட்டிஷன்கூட வேண்டாம். டிஸ்க்பார்ட்டில் எஸ்எஸ்டியின் சி பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து 'ஆக்டிவ்' என்று கொடுத்து வெளியே வந்து, 'பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் சி: /எஃப் பயாஸ்' அடியுங்கள். அதன் பிறகும் எஸ்எஸ்டியிலிருந்து எழாவிட்டால், விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவிலிருந்து துவங்கி 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' கொடுக்க வேண்டும்.

இதற்குள் பழைய டிஸ்க் ஒரேயடியாக நின்றுபோனால்? அப்போதும் ஃபார்மட் தேவையில்லை. வேறு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு விண்டோஸ் இன்ஸ்டால் டிரைவ் உருவாக்குங்கள். பூட் மெனுவில் அதை யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்ட பெயரில் தேர்ந்தெடுத்து, முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தினால் அதே கமாண்ட் ப்ராம்ப்ட் திறக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட் இங்கே கிடையாது. ஆகவே டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்து, விண்டோஸ் இருக்கும் வால்யூமைத் தேர்ந்தெடுத்து, 'ஷ்ரிங்க் டிசையர்டு=300' என்று இடம் ஒதுக்குங்கள். மற்றவை அதேதான். ஒரே ஒரு கவனம்: பென்டிரைவிலிருந்து துவங்கும்போது உங்கள் சி டிரைவ் டி என்றோ இ என்றோ பெயர் மாறியிருக்கலாம், அதற்கேற்ப எழுத்தை மாற்றி அடிக்க வேண்டும். அந்தத் திரையிலுள்ள 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' உங்களுக்கு உதவும் என்று நான் நினைக்கவில்லை. பழுதான பூட் ஃபைல்களைத்தான் அது பெரும்பாலும் சரிசெய்யும். உங்களிடம் அந்தப் பார்ட்டிஷனே இல்லை.

இதே கருப்புத் திரை, ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுத்தவர்களுக்கும், அதாவது க்ளோன் செய்தவர்களுக்கும் வரும். சி டிரைவை மட்டும் காப்பி செய்தால் துவக்கப் பார்ட்டிஷன் வராது. முழு டிஸ்க்கையும் க்ளோன் செய்ய வேண்டும். யூஎஸ்பி கேஸில் வைத்து க்ளோன் செய்த டிஸ்க் உள்ளே மாட்டியதும் காலியாகத் தெரிந்தால், சில கேஸ்கள் டிஸ்க்கின் அடிப்படை அலகான 512 பைட் செக்டரை 4096 என்று மாற்றிக் காட்டுவது காரணமாக இருக்கலாம். இரண்டு டிஸ்க்கையும் நேரடியாக சாட்டாவில் மாட்டிக் க்ளோன் செய்தால் தீரும்.

இனி எப்போது விண்டோஸ் ஏற்றினாலும், ஏற்றப்போகும் டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லா டிஸ்க்கின் கேபிளையும் கழற்றிவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். சர்வீஸ் கடையில் கொடுத்தாலும் இதை வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிட வேலையைச் சோம்பலுக்காக விட்டு, வாடிக்கையாளரை ஒரு நாள் முழுக்கத் தவிக்க விடுவது எனக்குப் பொறுக்காத விஷயம்.

எஸ்எஸ்டி தனியாக இரண்டு மூன்று முறை ஒழுங்காகத் துவங்கிய பிறகு புது 2 டிபியை மாட்டுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் இனிஷியலைஸ் கேட்டால் ஜிபிடி என்ற பார்ட்டிஷன் முறையைக் கொடுங்கள். டிரைவ் எழுத்தையும் பழைய டிஸ்க்குக்கு என்ன இருந்ததோ அதையே கொடுங்கள், டி என்றால் டி. இல்லாவிட்டால் பேஜ்மேக்கர் ஃபைல்களில் இணைத்த படங்கள் எல்லாம் காணவில்லை என்று கேட்கும். அதுவரை பழைய டிஸ்க்கை அழிக்கவோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ வேண்டாம்.