கஷ்டமான குறிப்பும் நியாயமில்லாத குறிப்பும்

கேள்வி: சேர், போன மாதக் குறுக்கெழுத்தில் ‘பஸ்ஸின் தலையில் ஓட்டை, ரயில் போய் நிற்கும் ஊர் (3)’ என்று கேட்டிருந்தீர்கள். விடை பதுளை. மலையகத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இது அநியாயம் என்கிறார் என் கணவர். ஓ.எல். படிக்கும் மகனும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறான்: ‘கொழும்பு குழம்பினால் பாவிகள் போகுமிடம் (4)’. எது நியாயம்?
- வாசகி, பண்டாரவளை

பதில்: பதுளைக் குறிப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பஸ்ஸின் தலை ‘ப’, ஓட்டை என்றால் ‘துளை’. மலையக ரயில் 1924இல் பதுளைக்கு வந்தது. இன்றும் அந்தப் பாதை அங்கேதான் முடிகிறது. யாழ்ப்பாணத்துக்காரர் முதலில் காங்கேசன்துறையை நினைப்பார், சரி. மூன்று கட்டத்துக்குள் அது அடங்காது. அப்புறம் பஸ்ஸையும் ஓட்டையையும் பிடித்துக்கொண்டால் ரயிலைப் பற்றித் தெரியாமலே பதுளைக்கு வந்து சேரலாம். இது கஷ்டம்தான், அநியாயம் இல்லை.

மகனின் குறிப்பு வாசிக்க அவ்வளவு அழகு! விடை நரகம் என்று யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் எப்படி வந்தது? கொழும்பு ஒரு நகரம், ‘நகரம்’ கலைந்தால் ‘நரகம்’. அந்த ‘நகரம்’ குறிப்பில் எங்கே இருக்கிறது? கொழும்பு என்றதும் ஒருவர் துறைமுகத்தை நினைக்கலாம், இன்னொருவர் கோட்டையை நினைக்கலாம். கலைக்கச் சொன்னால், கலைக்க வேண்டிய எழுத்துகள் கண்முன்னால் இருக்க வேண்டும். ‘அஃப்ரிட்’ என்ற புனைபெயரில் இங்கிலாந்தில் புதிர் எழுதியவர் 1949இல் சொன்னதும் இதைத்தான்: மேலோட்டமாக எதை வேண்டுமானாலும் சொல்லி ஏமாற்றுங்கள், ஆனால் நினைத்ததைக் குறிப்புக்குள் சொல்லியே ஆகவேண்டும். ஆக, மகனின் குறிப்பு சுலபமானது, ஆனால் நியாயமில்லாதது. ‘நகரம் குழம்பினால்’ என்று மாற்றச் சொல்லுங்கள். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘பாலம்’ கலைந்தால் ‘லாபம்’ என்று பலர் அனுப்புகிறார்கள். இங்கே ‘பா’வின் கால் (ா) ஒரு எழுத்தை விட்டு அடுத்ததுக்குத் தாவிவிட்டது. பா என்பது ஒரே எழுத்து; அதை உடைத்தால் விடை கண்டுபிடிக்கிறவருக்குப் பிடிமானமே இல்லை. நான் அதை ஏற்பதில்லை.

மகனிடம் இதையும் கொடுத்து, நியாயமா என்று கேளுங்கள்: ‘தோட்டத்தில் வரிசையாக நிற்கும், பாட்டில் தாளத்தோடு போகும் (3)’. விடை அடுத்த இதழில்.