தூண்டில் கேள்வி – பதில்: லஞ்சன் மீற்றும் மீசை மீனும்

கேள்வி: மகன் இங்கிலாந்தில், ட்ரென்ட் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறான். யூலையில் நாங்களும் போகிறோம். அங்கே பார்பல் என்கிற மீனை லஞ்சன் மீற் (ரின்னில் அடைத்து வரும் இறைச்சி) குத்திப் பிடிக்கிறார்களாம். இவன் எத்தனை தரம் போட்டாலும் வெறும் முள்ளுத்தான் திரும்பி வருகுதாம். ஊர்க் கறித்தூள் பிரட்டினால் சரிவருமா?
– ஒரு தகப்பன், கோப்பாய்

பதில்: தூளைப் பிறகு பார்ப்போம். வெறும் முள் வருகிறதென்றால் இறைச்சி தண்ணீருக்குள் போகும்போதே கழன்றுவிட்டது, அல்லது போய்ச் சேர்ந்த கையோடு பொடி மீன்கள் கொத்தித் தீர்த்துவிட்டன. முள்ளில் இரை இல்லாத இடத்தில் வாசனை எதற்கு?

பார்பல் கெண்டை இனம். மேலுதட்டில் நான்கு மீசை, வாய் கீழ்ப்பக்கம். பருக்கைக்கல் அடியில், இழுப்புள்ள தண்ணீரில், மீசையால் தடவித் தடவி மேயும். ஆகவே இரை அடியில் கிடக்க வேண்டும், அதுவும் அசையாமல்.

340 கிராம் ரின் ஒன்றை முதல் நாளே குளிர்ப்பெட்டியில் வையுங்கள். இறுகினால்தான் வெட்டும்போது உதிராது. 2 சென்ரிமீற்றர்க் கட்டியாக வெட்டினால் ஏறத்தாழ 40 துண்டு வரும். கத்தியால் வெட்டிய சதுரத்தை விடக் கையால் பிய்த்த துண்டு நல்லது. அதன் சொரசொரப்பான பக்கங்களில் இருந்து கொழுப்பும் உப்பும் கெதியாகக் கசியும். பலரும் மீன் பிடிக்கும் இடத்தில், ஒரே மாதிரியான சதுரத்தைக் கண்டு ஒதுங்கப் பழகிய மீனும் இதை எடுக்கும்.

2 சென்ரிமீற்றர்த் துண்டுக்கு 6ஆம் இலக்க முள், ஒன்றரைக்கு 8. முள்ளைத் துண்டின் நடுவால் குத்தி மறுபக்கம் முழுதாக வெளியே எடுங்கள். முள்ளின் வளைவுக்குள் ஒரு புல் தண்டை மடித்து வைத்து, தங்கூசியை, அதாவது தூண்டில் நூலை, பின்னுக்கு இழுங்கள். புல் துண்டோடு ஒட்டி நின்று, வளைவு இறைச்சியை அறுத்துக்கொண்டு வராமல் தாங்கும். முள் நுனி மட்டும் வெளியே தெரிய வேண்டும். நுனி இறைச்சிக்குள் புதைந்தால் மீன் கடித்தும் மாட்டாது. மகன் விடும் பிழை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும்.

இன்னொரு வழி, முள்ளின் பின்னால் ஒரு மெல்லிய நூலை நீட்டி, துண்டைத் துளைத்து அதில் கோர்த்து, அடியில் அகலமான பிளாஸ்ரிக் தடுப்பு வைப்பது. துண்டுக்கும் வளைவுக்கும் இடையில் அரை சென்ரிமீற்றர் போதும். ஒல்லித் தடுப்பு வேண்டாம், மெத்தென்ற இறைச்சிக்குள் அமிழ்ந்துவிடும். எறியும்போது தலைக்கு மேலால் சுழற்றி வெடுக்கென்று விசுக்காமல், கீழால் ஆட்டி விடுங்கள்.

பிரதான தங்கூசி 10 முதல் 12 இறாத்தல் தாங்கக்கூடியது. முள்ளுக்கு முந்திய தங்கூசித் துண்டு 60 சென்ரிமீற்றர், தண்ணீர் தெளிவென்றால் 1 மீற்றர். ஈயம் தங்கூசியில் ஓடித் திரியும்படி கோர்த்து, பாசிமணியும் சுழல் வளையமும் போட்டு நிறுத்துங்கள். 60 கிராமில் தொடங்கி, உருண்டால் 90, 120 என்று கூட்டுங்கள். ஊரிலிருந்து சின்ன ஈயக்குண்டு கொண்டு போக வேண்டாம். 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈயத்தைத் தூண்டிலுக்குப் பாவிக்க அங்கே தடை. இறைச்சி ரின்னையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பறிப்பார்கள்.

இனித் தூள். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் நன்றாகவே பிடிக்கும், பிரட்டும் விதம் சரியாக இருந்தால். அரை ரின் துண்டை எண்ணெய் விடாமல் சட்டியில் மெல்லிய நெருப்பில் 3, 4 நிமிடம் பிரட்டுங்கள். தோல் இறுகி முள்ளில் கூட நேரம் நிற்கும், பொடி மீனும் இலேசில் கொத்தாது. அடுப்பை அணைத்த பிறகுதான் 1 மேசைக்கரண்டி தூள். நெருப்பில் போட்டால் கருகிக் கசக்கும். தேங்காயெண்ணெய் கூடவே கூடாது. அது 24 பாகைக்குக் கீழே உறைவது. அந்த ஆற்றுக் குளிரில் மெழுகுத் தோலாகி வாசனையை உள்ளே பூட்டிவிடும். கூட வறுத்த துண்டு சிலவேளை மிதக்கும், ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

20 நிமிடத்துக்கு ஒரு தரம் இரையை மாற்றுங்கள். மிச்ச இறைச்சியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி, அதே இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவலாம். தடியை விட்டு எழும்பிப் போகாதீர்கள். பார்பல் அடித்தால் தடியே ஆற்றுக்குள் போய்விடும்.

13 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் தூண்டில் அனுமதிப்பத்திரம் தனித்தனியே வேண்டும். அந்தக் கரைக்குரிய சங்கத்தின் நாள் சீட்டு வேறு.

கேள்வி: லண்டனில் இருக்கும் மருமகனுக்குக் கோடையில் ஒன்றும் படவில்லை. மாரியில் ஆறு கலங்கி வந்த நாளில்தான் இறைச்சிக்கு இரண்டு பட்டதாம். ஏன்?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: கலங்கல் தண்ணீரில் மீனுக்குக் கண் உதவாது, மீசைதான். மணமும் உப்பும் கசியும் இறைச்சி அப்போது கை கொடுக்கும். ஆனால் எல்லாக் கலங்கலும் ஒன்றல்ல. வெதுவெதுப்பான மழையால் தண்ணீர் 7, 8 பாகைக்கு மேலே ஏறினால் மீன் மேயும். பனி உருகி வந்த வெள்ளம் என்றால் சூடு இறங்கும், வாயே திறக்காது. கலங்கலில் பெரிய துண்டாகப் போட்டு, கரையோரம் இழுப்புக் குறைந்த பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். கோடையில் தெளிந்த தண்ணீரில் சின்னத் துண்டு, அந்திப் பொழுது. மார்ச் 15 முதல் யூன் 15 வரை இங்கிலாந்து ஆறுகளில் தூண்டில் போடவே கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டில் பன்றி, மாடு தொடுவதில்லை. கோழி லஞ்சன் மீற் சரியா?
– வாசகர், நல்லூர்

பதில்: சரி. மலிவான கோழி ரின்கள் மெத்தென்று இருக்கும். மேலே சொன்னபடி பிரட்டி இறுக்குங்கள், நூலில் கோர்த்து அகலத் தடுப்புப் போடுங்கள். கோழிச் சொசேச்சும் பாவிக்கலாம், தோலை உரிக்க வேண்டாம்.

கேள்வி: பிடித்த பார்பலைக் குழம்பு வைக்கலாமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: வேண்டாம். சினையில் நஞ்சு உண்டு, சத்தியும் வயிற்றோட்டமும் வரும். இங்கிலாந்து ஆறுகளில் 20 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பார்பலை எடுத்துக்கொண்டு போவது சட்டப்படி குற்றமும் கூட. முதுகுச் செட்டையின் பெரிய முள் அரம் போன்றது, வலையில் சிக்கினால் மீனுக்குக் காயம். அடித்துக் களைத்த பார்பலை அப்படியே எறிந்தால் மல்லாந்து செத்துப்போகும். நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்து, தானாக உந்திப் போகும்வரை காத்திருக்க வேண்டும். கோடையில் இதற்குச் சில நிமிடம் எடுக்கும்.

கேள்வி: இரணைமடுவில் லஞ்சன் மீற் போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: காசுக்குக் கேடு. அங்கே பார்பல் இல்லை. திலாப்பியாவுக்கு மண்புழுவும் பாணும் போதும், விராலுக்கு உயிர் இரை. கெளிறுதான் இறைச்சி மணத்துக்கு வரும், அதற்கும் கோழிக் குடல் போதும். மிச்சக் குடலைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள், அந்தப் பக்கத்துக் குளங்களில் முதலை உண்டு.