ஒரே மலை, இரண்டு நாடு: சேர்ந்து காப்பாற்ற முடியுமா?

இரண்டு நாட்டு எல்லையில் இருக்கும் மலையை யார் பாதுகாப்பது, சுற்றுலா எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தேன்கனிக்கோட்டைக்காரன். ராகி அறுப்பு சமயத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக்கூட்டம் வரும். விடிந்து போய்ப் பார்த்தால் வயல் சேற்றில் முறம் அகலத்துக்குக் கால்தடம், அதில் தண்ணீர் தேங்கி நிற்கும். யானைக்கு எல்லைக்கல் தெரியாது. எங்கள் காவிரி வடக்கு சரணாலயமும் அந்தப் பக்கத்துக் காடும் அதற்கு ஒரே வீடு.

நாடுகளுக்கு இடையிலும் இதே கதைதான். கஞ்சன்ஜங்கா மலை (8,586 மீட்டர்) சிக்கிம், நேபாள எல்லையில் நிற்கிறது. இந்தியப் பக்கம் 1977இல் தேசியப் பூங்கா ஆனது. 2016இல் இயற்கை, பண்பாடு இரண்டுக்கும் சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி. நேபாளப் பக்கம் 1997இல் பாதுகாப்புப் பகுதியாகி, 2006இல் நிர்வாகம் உள்ளூர் மக்கள் கைக்கே போனது. இதுதான் சரியான வழி என்பேன். காட்டோரம் குடியிருப்பவனுக்கு வருமானம் வந்தால் அவனே காவல்காரன்.

அப்புறம், பாரம்பரியச் சுற்றுலா என்றால் எனக்கு 1955தான் நினைவுக்கு வரும். அந்த ஆண்டு கஞ்சன்ஜங்காவில் முதன்முதலில் ஏறிய பிரிட்டிஷ் குழு உச்சிக்குச் சில அடி முன்பே நின்றுவிட்டது. ஏனென்றால் சிக்கிம் மக்களுக்கு அந்த உச்சி தெய்வம் குடியிருக்கும் இடம். ஏறியது நேபாளப் பக்கமாக. மதித்ததோ சிக்கிமின் நம்பிக்கையை.