மடக்குக் கத்தியும் தற்காப்பும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இரவுப் பணி முடிந்து தனியே வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. தற்காப்புக்காகக் கைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்க எண்ணுகிறேன். அலகு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், எந்த வகைப் பூட்டு நம்பகமானது என்று கூற முடியுமா?

பதில்: நீளத்தையும் பூட்டையும் பற்றி அடுத்து வரும் பதில்களில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன், ஆபத்து நேரத்தில் அந்தக் கத்தி உங்கள் கைக்கு எப்படி வந்து சேரும் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பையின் ஜிப்பைத் திறந்து, சாவிக்கொத்துக்கும் கைபேசிக்கும் நடுவே அதைத் தடவி எடுத்து, அலகு எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்பதை விரலால் அறிந்து, நகம் பதிக்கும் பள்ளத்தையோ கட்டைவிரல் குமிழையோ கண்டுபிடித்துத் திறந்து, பூட்டு விழுந்துவிட்டதா என்றும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மேசைமுன் அமர்ந்து செய்தால் இது மிக எளிய வேலைதான். ஆனால் அச்சத்தால் நெஞ்சு படபடக்கும்போது முதலில் குலைவது விரல்நுனிகளின் நுட்பமான அசைவு; மடக்குக் கத்தியைத் திறப்பதற்குத் தேவைப்படுவதோ அந்த அசைவேதான்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையில் பயிற்சியளித்து வந்த டென்னிஸ் டியூலர் என்பவர், கையில் ஆயுதத்துடன் ஓடிவரும் ஒருவர் 21 அடித் தொலைவை, அதாவது ஏறக்குறைய 6.4 மீட்டரை, சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறார் என்று 1983இல் எழுதினார். இடுப்பு உறையில் துப்பாக்கி வைத்திருக்கும் பயிற்சி பெற்ற காவலருக்கே அந்த நேரம் போதுமா என்பதுதான் அவர் எழுப்பிய வினா. பைக்குள் மடங்கிக் கிடக்கும் கத்திக்கு அது போதாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

உரிய நேரத்தில் கத்தி கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது பயன்படுவது, எதிரில் நிற்பவர் கையெட்டும் தொலைவுக்கு வந்த பிறகுதான். அதாவது, உங்களைக் காப்பாற்றக்கூடிய இடைவெளி முழுவதையும் நீங்கள் இழந்த பிறகுதான். உங்களைவிட வலிமையான ஒருவர் உங்கள் மணிக்கட்டைப் பற்றிவிட்டால் அந்தக் கத்தி யாருடையது என்பது மாறிவிடும். பெரும்பாலான மடக்குக் கத்திகளில் பிடிக்கும் அலகுக்கும் இடையே விரலைத் தடுக்கும் காப்பு எதுவும் இல்லாததால், வியர்த்த கை முன்னோக்கி வழுக்கித் தன் விரல்களையே அறுத்துக்கொள்வதும் நடக்கக் கூடியதே. காயம்பட்டவர் அந்த நொடியிலேயே நின்றுவிடுவார் என்ற எண்ணம் திரைப்படங்கள் கற்றுக்கொடுத்தது. வெறியிலோ போதையிலோ இருப்பவர் தனக்குக் காயம் பட்டதையே சில நேரம் உணர்வதில்லை.

சட்டத்தின் பார்வையையும் எண்ண வேண்டும். தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையைப் பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் ஏற்கின்றன. ஆனால் எதிர்ப்பின் அளவு ஆபத்தின் அளவுக்குப் பொருத்தமாக இருந்ததா என்று கேட்கின்றன. வெறுங்கையால் பையைப் பறிக்க வந்தவர் மீது கத்தியை வீசினால், அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வேறொரு சிக்கலும் உண்டு. பழம் நறுக்குவதற்காக வைத்திருக்கும் கத்தி ஒரு கருவி. அதே கத்தியை மனிதர்மீது பயன்படுத்தும் நோக்கத்துடன் வைத்திருப்பதாக நீங்களே கூறினால், பல நாடுகளில் அது ஆயுதமாகிவிடுகிறது. பிரிட்டனில் தற்காப்பு பற்றிய பொதுவான அச்சம், பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதற்கு ஏற்கத்தக்க காரணமாகக் கொள்ளப்படுவதில்லை.

ஆகவே உங்களுக்கு நான் எந்தக் கத்தியையும் பரிந்துரைக்கப் போவதில்லை. உள்ளங்கைக்குள் அடங்கி, ஓர் ஊசியை இழுத்தவுடன் 120 டெசிபலுக்கும் மேலான ஒலியெழுப்பும் தனிநபர் அலாரம் ஒன்றைப் பையின் வெளிப்புறத்தில், கை எட்டும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். அதை யாராவது பறித்துக்கொண்டாலும் உங்களுக்கு எதிராகத் திருப்ப முடியாது என்பதை நான் அதன் முதன்மையான சிறப்பாகக் கருதுகிறேன். ஒளி மிகுந்த சிறிய டார்ச் ஒன்று, தொலைவிலேயே ஆளை அடையாளம் காணவும், தேவைப்பட்டால் இருட்டுக்குப் பழகிய கண்களைக் கூசச்செய்து ஓரிரு நொடிகளைப் பெற்றுத் தரவும் உதவும். மிளகுத் தெளிப்பான் சில நாடுகளில் தடையின்றிக் கிடைக்கிறது. சில நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம் என்பதால் உள்ளூர்ச் சட்டத்தைப் பார்த்த பின்னரே வாங்குங்கள். நடந்துவரும் வழியை நம்பிக்கைக்குரிய ஒருவரின் கைபேசியில் நேரலையாகக் காட்டும் வசதியையும், ஓடுவதற்கு ஏற்ற காலணியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். கேட்பதற்கு இவை கத்தியைப் போல வீரமாக இல்லைதான்.

கேள்வி: சில நாள் வகுப்புக்குச் சென்றால் கத்தியைத் தற்காப்புக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளலாம் என்று நண்பர் கூறுகிறார். உண்மையா?

பதில்: கத்திப் பயிற்சிக்கு நீண்ட மரபு கொண்ட பிலிப்பீன்சின் அர்னிஸ் கலையில், மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் பிரம்பையும் மழுங்கிய பயிற்சிக் கத்தியையும் கொண்டு பழகுகிறார்கள். தாக்குதலின் கோட்டிலிருந்து விலகுவதும், எதிராளியின் ஆயுதக் கையைக் கட்டுப்படுத்துவதும் உடலில் ஊற அவ்வளவு காலம் ஆகிறது. சில நாள் வகுப்பில் கிடைப்பது தன்னம்பிக்கை. அதற்குரிய திறமை உடன் வருவதில்லை. நல்ல ஆசிரியர் வாய்த்தால் முதல் வகுப்பிலேயே ஓட வேண்டிய தருணத்தைப் பற்றித்தான் பேசுவார், அத்தகைய வகுப்புக்குத் தாராளமாகச் செல்லலாம்.

கேள்வி: எனக்குத் தற்காப்பு நோக்கம் இல்லை. அட்டைப்பெட்டி பிரிக்கவும், கயிறு அறுக்கவும், பயணத்தில் பழம் நறுக்கவும் நல்ல மடக்குக் கத்தி ஒன்று வேண்டும். எதை முதலில் கவனிக்க வேண்டும்?

பதில்: பூட்டை. அலகின் கூர்மையைச் சாணைக்கல்லால் மீட்டுவிடலாம். வேலையின் நடுவே அலகு மடங்கி விரல்மீது விழுந்தால் மீட்பது கடினம்.

பூட்டே இல்லாத கத்திகளும் உண்டு. பிடியின் முதுகுப்புறத்தில் உள்ள வில் அலகை அழுத்திப் பிடித்திருக்கும். சற்று விசையுடன் தள்ளினால் மடங்கிவிடும். 1897இல் கார்ல் எல்செனர் பதிவுசெய்த சுவிஸ் அதிகாரிகள் கத்தியும், அதன் வழிவந்த விக்டோரினாக்ஸ் சிறுகத்திகளும் பெரும்பாலும் இந்த வகையே. வெட்டும் விசை கூரின் பக்கமிருந்து வரும்வரை இவற்றில் ஆபத்து இல்லை. குத்தித் துளையிட முயன்றாலோ, வெட்டிய இடத்தில் சிக்கிய அலகைப் பின்புறமாக அசைத்தாலோதான் மடங்கும். காகிதம், கயிறு, பழம் ஆகியவற்றுக்கு இதுவே போதுமானது. பல நாடுகளின் சட்டமும் இந்த வகையின்மீதுதான் சற்று இளக்கம் காட்டுகிறது.

பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் பிடியின் தலைப்பில் ஓர் உலோக வளையம் இருக்கும். அலகைத் திறந்த பின் அந்த வளையத்தைத் திருகினால், அலகு மடங்கும் வழி அடைபடும். 1955இல் சேர்க்கப்பட்ட இந்த ஏற்பாட்டைவிட எளியதும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியதுமான பூட்டை நான் அறியேன். மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகை இறுக்கிக்கொள்ளும் என்பது அதன் குறை.

முதுகுப் பூட்டு என்பது பிடியின் பின்பக்கத்தில் ஒரு நெம்புதண்டு அலகின் அடிப்பகுதியில் உள்ள பள்ளத்தில் விழுந்து நிற்பது. 1960களில் அமெரிக்காவின் பக் நிறுவனம் வெளியிட்ட 110 என்ற கத்தியால் இது புகழ்பெற்றது. உறுதியானது, ஆனால் மூடும்போது வழக்கமாக இரண்டு கைகளும் வேண்டும். லைனர் லாக் என்பதில் பிடிக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்குகிறது. 1980களில் மைக்கேல் வாக்கர் அதை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அந்தத் தகட்டுக்குப் பதிலாகப் பிடியின் ஒரு பக்கமே அவ்வாறு நகர்ந்தால் அது ஃப்ரேம் லாக். இந்த இரண்டிலும் தகட்டை விலக்கி அலகை மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையிலேயே இருக்கிறது என்பதைப் புதிதாக வாங்குவோர் மறந்துவிடுகிறார்கள்.

கடையில் கையில் எடுத்ததும், அலகைத் திறந்து பூட்டியபின் பிடியை உறுதியாகப் பற்றி, அலகை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பூட்டைச் சோதிப்பதற்காக அலகின் முதுகை மேசையில் தட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு; அது பூட்டைத்தான் கெடுக்கும். பிடி உங்கள் உள்ளங்கையின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும், நான்கு விரல்களும் அதன்மீது அமர வேண்டும். ஆட்காட்டி விரல் நிற்கும் இடத்தில் ஒரு பள்ளமோ மேடோ இருந்தால் கை முன்னோக்கி வழுக்காது. கடைகளில் பளபளக்கும் உலோகப் பிடிகளை எண்ணெய்க் கையால் பிடித்துப் பார்த்தால் அவற்றின் அழகு குறைந்துவிடும்.

கேள்வி: அலகு நீளமாக இருந்தால் நல்லதுதானே?

பதில்: அன்றாட வேலைகளுக்கு ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் அலகு தாராளம். அதற்குமேல் போனால் எடையும் சட்டச் சிக்கலும்தான் கூடும்.

கேள்வி: விளம்பரங்களில் எஃகுக்கு எண்ணும் எழுத்துமாகப் பல பெயர்கள் தருகிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: எஃகில் நாம் எதிர்பார்க்கும் மூன்று குணங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுபவை: கூர் நெடுநாள் நிற்க வேண்டும், உடையவோ சிதறவோ கூடாது, துருப்பிடிக்கக் கூடாது. கடினத்தைக் கூட்டினால் கூர் நிற்கும், ஆனால் விளிம்பு சிதறும் வாய்ப்பும் சாணை பிடிக்கும் உழைப்பும் கூடும். சுவிஸ் கத்திகளின் அலகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் 55–56 அளவில் இருக்கிறது. சீக்கிரம் மழுங்கும், சில நிமிடங்களில் தீட்டிவிடலாம். எஸ்30வி போன்ற, தூளாக்கிய உலோகத்தை அழுத்திச் செய்யப்படும் தூள் உலோகவியல் எஃகுகள் 60ஐ ஒட்டி நிற்பவை. கூர் பல வாரம் தாங்கும், மழுங்கிய பின் சாதாரணக் கல்லுக்கு எளிதில் மசிவதில்லை. டி2 எஃகில் துருவைத் தடுக்கும் குரோமியம் ஏறக்குறைய 12 விழுக்காடு இருந்தாலும் அதன் ஒரு பகுதி கார்பனுடன் சேர்ந்துவிடுவதால், துருவை எதிர்க்கும் ஆற்றல் அந்த எண் காட்டுவதைவிடக் குறைவு. பழமும் எலுமிச்சையும் நறுக்குபவர்கள் 12சி27, 420எச்சி போன்ற எளிய துருவேறா எஃகையே எடுத்துக்கொள்ளலாம். சாணை பிடிக்கும் பழக்கமில்லாத ஒருவர் விலையுயர்ந்த எஃகு வாங்குவதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. மழுங்கிய கத்திக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது, அழுத்தம் கூடும்போது கத்தி தவறி விலகுகிறது.

கேள்வி: ஒரு கையால் திறக்கும் கத்திக்கும், பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கத்திக்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டா?

பதில்: உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறுகிறது. கட்டைவிரலால் குமிழையோ அலகில் உள்ள துளையையோ தள்ளித் திறப்பவற்றில் விசை முழுவதும் விரலுடையது. பொத்தான் வகையில் உள்ளிருக்கும் வில்லே அலகை வீசுகிறது. அமெரிக்காவில் 1958இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் பொத்தான் கத்திகளின் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தியது. வைத்திருப்பது பற்றிய விதியை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்துக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் 2008 முதல், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைத் தக்க காரணமின்றி வெளியில் எடுத்துச் செல்ல முடியாது. பிரிட்டனில், வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்கு மட்டும் காரணம் கூற வேண்டியதில்லை. விரல்களுக்குப் பாதுகாப்பு தரும் பூட்டே சட்டத்தின் கண்ணில் கத்தியை ஆபத்தானதாக்குகிறது என்பது முரண்தான். பயணத்தில் உள்ளவர்கள், தம் நாட்டில் இசைவுள்ள கத்தி எல்லை கடந்தவுடன் குற்றப்பொருளாகிவிடலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: சாவிக்கொத்தில் உள்ள சிறு கத்தியை விமானத்தில் கொண்டுசெல்லலாமா?

பதில்: கைப்பையில் வேண்டாம். சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில், உறையிலிட்டு வைத்துவிடுங்கள்.

கேள்வி: பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் என் லைனர் லாக் கத்தியில் அலகு லேசாக ஆடுகிறது. திறப்பதற்கும் கடினமாக இருக்கிறது. சரிசெய்ய முடியுமா?

பதில்: கடினமாகத் திறப்பதற்குப் பெரும்பாலும் அழுக்கே காரணம். சட்டைப்பையின் நூல்தூசும் பழச்சாறும் சுழலச்சுக்குள் சேர்ந்து கெட்டிப்பட்டுவிடுகின்றன. வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, அச்சின்மீது மெல்லிய எண்ணெய் ஒரு துளி விடுங்கள். உணவு நறுக்கும் கத்தி என்றால் உணவுத்தரக் கனிம எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

ஆட்டம் பக்கவாட்டில் இருந்தால், சுழலச்சின் திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பாருங்கள். தடையின்றித் திறக்கவும் வேண்டும், ஆடவும் கூடாது என்ற நிலையில் நிறுத்துங்கள். ஆட்டம் மேலும் கீழுமாக இருந்தால் தேய்ந்திருப்பது பூட்டு. பூட்டிய நிலையில் உள்தகடு அலகின் அடியில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அது எதிர்ப்பக்கச் சுவரை முழுவதும் தொட்டுவிட்டதென்றால் மேலும் நகர இடமில்லை. தயாரிப்பாளரிடம் அனுப்பிப் பழுதுபார்க்க வழியிருந்தால் அனுப்பலாம். வழியில்லை என்றால், தகட்டை வளைத்துப் பார்ப்பது போன்ற கைவைத்தியங்களில் இறங்காமல், அந்தக் கத்தியை வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள்.